ஒரு சீ, இரண்டு எஸ்

எனக்கு வாய் திக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காஞ்சிபுரத்தில் யாருக்கும் தெரியாது. ஏழாம் வகுப்பு படித்த வருஷம், அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குக் காஞ்சிபுரத்தின் மேல் ஆசை இருந்தது.

எங்கள் ஊர் திருப்புலிவனத்திலிருந்து உள்ளே போக வேண்டும். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் நிலம். சொந்த வேலை இல்லாத நாட்களில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் டிராக்டரை ஓட்டுவார். அம்மா மாடு வைத்துப் பால் ஊற்றினாள். நான் ஒரே பெண். பேச ஆரம்பித்த நாளிலிருந்தே திக்கியதாகச் சொல்வார்கள்.

திக்குகிறவர்களுக்கு வார்த்தை நினைவுக்கு வரவில்லை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வார்த்தை நன்றாகத் தெரியும். வாய்க்குள் வந்து நிற்கும். சில நேரம் முதல் எழுத்து மட்டும் திரும்பத் திரும்ப வெளியே விழும். சில நேரம் அதுவும் வராது. வாய் திறந்திருக்கும், காற்று போகாது. எதிரில் நிற்பவர் கொஞ்சம் பொறுப்பார், அப்புறம் சிரிப்பார், அப்புறம் அவரே ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். பெரும்பாலும் அது நான் சொல்ல வந்த வார்த்தையாக இருக்காது. இருந்தாலும் தலையாட்டிவிடுவேன். பூண்டு வாங்கக் கடைக்குப் போய்ப் புளியோடு திரும்பியிருக்கிறேன். என் பெயரும் எனக்கு வராத எழுத்தில்தான் தொடங்குகிறது. யாராவது பெயர் கேட்டால் காது கேட்காதவள் மாதிரி வேறெங்கோ பார்ப்பேன்.

அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. வசம்பைச் சுட்டுக் கரியாக்கித் தேனில் குழைத்துக் காலையில் நாக்கில் தேய்ப்பாள். அந்தக் கசப்பு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் போகாது. உறவுக்காரர்கள் வரும்போது என்னை அடுப்பங்கரைக்கு அனுப்பிவிடுவாள். யாராவது கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்தால், "கொயந்த ரொம்ப வெக்கப்படும்" என்று அவளே முந்திக்கொள்வாள். அவர்கள் போன பிறகு என்னைத் திட்டவும் மாட்டாள். பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பாள்.

நான் படித்தது உத்திரமேரூரில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம். அப்பா எட்டாவதோடு நின்றவர். என்னை அங்கே சேர்த்ததே அவருடைய பிடிவாதம்தான். அந்த வருஷம் சென்னையில் ஏதோ ஒரு புத்தகக் கம்பெனி மாவட்டம் மாவட்டமாக ஸ்பெல்லிங் போட்டி நடத்தியது. பெயர் ஸ்பெல்லிங் பீ. வீட்டில் வந்து நோட்டீஸைக் கொடுத்தேன். அதிலிருந்த தமிழை அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்னா கருமம் இது, வேற பேரே கெடைக்கலியா?" என்றாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் போட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

முதலில் எழுத்துத் தேர்வு. அதில் நான் முதலாவதாக வந்தேன். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பேசாத பிள்ளைக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை ஏது? பலகை, பஸ் போர்டு, மருந்து அட்டை என்று எந்த எழுத்தைப் பார்த்தாலும் எனக்கு மனதில் ஒட்டிக்கொள்ளும். அடுத்தது வாயால் சொல்லும் தேர்வு. இங்கிலீஷ் மிஸ் என்னை எழுப்பி ஒரு வார்த்தை கொடுத்தார். எழுந்து நின்றேன். முதல் எழுத்தே வரவில்லை. பின் பெஞ்சில் யாரோ என்னைப் போலச் செய்து காட்ட, வகுப்பே சிரித்தது. மிஸ் அவர்களையும் அடக்கவில்லை, என்னையும் உட்காரச் சொல்லவில்லை. அந்தப் பீரியட் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.

ஆனால் ஒன்று இருந்தது. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது எனக்குத் திக்காது. ராகம் இழுத்துச் சொன்னால் எந்த எழுத்தும் தடையில்லாமல் வரும். அன்று சாயங்காலம் மாட்டுக்கொட்டகையில் நின்று, தொடையில் விரலால் தட்டிக்கொண்டு, வாய்ப்பாட்டு ராகத்தில் அந்த வார்த்தையின் எழுத்துகளைச் சொல்லிப் பார்த்தேன். வந்தது. ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து. வேறு வார்த்தைகளைச் சொன்னேன். அவையும் வந்தன. மறுநாள் மிஸ்ஸிடம் போய்ச் சாடை காட்டி, இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன். அவர் நம்பாமல்தான் கேட்டார். சொல்லி முடித்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இத ஏன்டி நேத்து சொல்லல?" என்றார்.

மிஸ் வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். சின்ன வயசு. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் தாளாளருக்கு அவர்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை என்று டீச்சர்களே பேசிக்கொள்வார்கள். பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையாவது மாவட்டப் போட்டிக்குப் போக வேண்டும் என்று தாளாளர் சொல்லியிருந்தார். அதனால் மிஸ் என்னைப் பிடித்துக்கொண்டார்.

பள்ளி விட்ட பிறகும் தினமும் இருந்தேன். வேன் போய்விடும். மிஸ் எதிரில் ஸ்கேலோடு உட்கார்ந்திருப்பார். தப்பாகச் சொன்னால் விரல் முட்டியில் அடி. திக்கினாலும் அடிதான். "நீ வேணும்னே பண்ற. ராகம் போடும்போது வருதுல்ல? அப்போ உன்னால முடியும்ல?" என்பார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி என்றுகூடத் தோன்றியது. முட்டி வீங்கி, பேனா பிடிக்க வலித்த நாட்கள் உண்டு. அம்மா பார்த்துவிட்டு அப்பாவிடம் சண்டை போட்டாள். "அடிச்சாதான் வரும்னா அடிக்கட்டும். வாய் வந்தா போதும்" என்றார் அப்பா. இந்தப் போட்டியில் பேசிப் பேசியே என் திக்கல் போய்விடும் என்று தாளாளர் அவரிடம் சொல்லியிருந்தார். அப்பா அதை அப்படியே நம்பினார்.

இருட்டுவதற்குள் அப்பா வண்டியில் வந்து கூட்டிப்போவார். போகும் வழியெல்லாம் அவர் வார்த்தை கேட்பார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதால் வார்த்தைகளைத் தமிழில் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதைக் காலையிலேயே மனப்பாடம் செய்துவிடுவார். டிராக்டர் ஓட்டிக்கொண்டே உரக்கச் சொல்லிப் பார்ப்பார் என்று ஊரில் கேலி பேசினார்கள். வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு, தலையைத் திருப்பாமல், "லெப்டினன்ட்" என்பார். நான் அவர் முதுகில் விரலால் தட்டித் தட்டி எழுத்துகளைச் சொல்வேன். சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. நான் நிறுத்தாமல் சொன்னால் அவருக்கு அது சரி. "ம். அடுத்தது" என்பார். அந்தக் கொஞ்ச தூரம் நான் யாரிடமும் பேசாத அளவுக்கு அவரிடம் பேசியிருக்கிறேன், எல்லாம் இங்கிலீஷ் எழுத்துகளாக.

நான் மாவட்டப் போட்டிக்குத் தேர்வானதும் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பள்ளி ஒரு பிளெக்ஸ் வைத்தது. தாளாளர் படம் பெரிதாக, என் படம் சின்னதாக. அப்பா அதன் அடியில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அம்மா மட்டும் பயந்தாள். "கண்ணு பட்டுடும். முன்ன ஜெயிக்கட்டும், அப்பால வெக்கலாம்ல?" என்றாள்.

போட்டிக்கு முந்தின நாள் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அங்க யார்கிட்டயும் திக்கும்னு சொல்லாத. சொன்னா ஏதோ வியாதின்னு நெனச்சு உன்னைய ஓரம் கட்டிடுவாங்க. உன் ராகத்துலயே சொல்லிட்டு இறங்கிடு" என்றார். அப்பாவிடமும் அதையே சொன்னார். அப்பா பயபக்தியோடு தலையாட்டினார்.

காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய பள்ளியின் ஏசி ஹால். மேடையில் பிள்ளைகளுக்கு வரிசையாக நாற்காலி, கீழே பெற்றோர்கள். பையிலிருந்த ஓட்டை தெரியாதபடி அதன் மேல் பெற்றோர் அட்டையைக் குத்திய வெள்ளைச் சட்டையில் அப்பா நான்காவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மிஸ் அவருக்கு முன் வரிசையில், மற்ற பள்ளி டீச்சர்களோடு. நடுவர்களாக ஒரு சாரும் ஒரு மேடமும். வார்த்தையை ஒரு தடவை சொல்லி, எழுத்துகளைச் சொல்லி, திரும்பவும் வார்த்தையைச் சொல்ல வேண்டும். சொன்ன எழுத்தை மாற்றக் கூடாது. தப்பென்றால் மேடம் மேஜை மணியைத் தட்டுவார்.

என் பெயரைச் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அதை அவர்களே வாசித்துவிட்டார்கள். முதல் சுற்றில் எனக்குக் காலண்டர். பாவாடை மடிப்பில் விரலால் தட்டிக்கொண்டு சொன்னேன். சரி. இரண்டாவது சுற்றும் சரி. பாதிப் பிள்ளைகள் கீழே இறங்கிவிட்டார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த காஞ்சிபுரத்துப் பெண் என்னைப் பார்த்து, "நீ பாடற மாதிரி சொல்றே, நல்லா இருக்கு" என்றாள். அவளுக்கு நான் திக்குகிறவள் என்று தெரியாது. அவளைப் பார்த்து நான் சிரித்தேன். அந்த நிமிஷம் நான் இதுவரை இருந்த எந்த இடத்தையும்விட அந்த மேடை எனக்குப் பிடித்திருந்தது.

டீ இடைவேளையில் யாரோ புகார் செய்திருக்கிறார்கள். ஒரு பையனின் அப்பா கீழேயிருந்து சைகை காட்டினார், பையன் விரலை மடக்கிப் பதில் சாடை செய்தான் என்று. மறுபடியும் மேடை ஏறியதும் அந்த சார் மைக்கில் சொன்னார். "இனிமே எல்லாரும் கையைப் பின்னால கட்டிக்கணும். ஆடக் கூடாது, அசையக் கூடாது."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எனக்கு வந்த வார்த்தை நெசசரி. அதைவிடச் சுலபமான வார்த்தை அன்று யாருக்கும் வரவில்லை. எல்லோரும் தப்பு செய்கிற வார்த்தை என்று மிஸ் முதல் வாரமே அடித்துச் சொல்லிக்கொடுத்தது. ஒரு சீ, இரண்டு எஸ். அப்பாவுக்கும் அது தெரியும். வண்டியில் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, "ஒரு சீ, ரெண்டு எஸ்ஸு" என்று அவரே முடிப்பார்.

வார்த்தையைச் சொன்னேன். "என்" சொன்னேன். "ஈ" சொன்னேன். பின்னால் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருந்தது, தட்ட இடமில்லை. ராகத்தை மனதுக்குள் தேடினேன், கிடைக்கவில்லை. "சீ" என்றேன். அது முடியவில்லை. இன்னொரு "சீ" வந்தது. அதன் பிறகுதான் அடைப்பு விட்டு மிச்சமெல்லாம் கடகடவென்று வந்தது. ஈ, எஸ், எஸ், ஏ, ஆர், வொய். வார்த்தையைத் திரும்பச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்தது.

"சாரி. டபுள் சீ சொல்லிட்டே. ஒரு சீதான்" என்றார் மேடம். அன்பாகத்தான் சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை. மணி அடித்தது நியாயம் என்றே தோன்றியது. இரண்டு தடவை சொன்னேன், அவர்கள் இரண்டு தடவை கேட்டார்கள். இறங்குவதற்கு ஓர் அடி வைத்தேன். அப்போதுதான் கீழே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சார், ஒரு நிமிஷம் சார். அவ ஒரு சீ தான் சார் சொன்னா."

அப்பா எழுந்து நின்றிருந்தார்.

"பேரன்ட்ஸ் தயவுசெஞ்சு உட்காருங்க" என்றார் சார்.

"இல்ல சார், நீங்க தப்பா எடுத்துக்கினீங்க. எம்பொண்ணுக்கு வாய் திக்கும் சார். சின்ன வயசுலர்ந்தே திக்கும். ரெண்டு வாட்டி வந்தாலும் அது ஒரு எயுத்துதான் சார்."

ஹால் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்து நாற்காலிப் பெண்ணும் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கமான பார்வை. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் காஞ்சிபுரத்துக்கு ஆசைப்பட்டேன்.

மேடம் பேப்பர்களைப் புரட்டினார். "இதுல அப்படி எதுவும் எழுதலியே. ஸ்கூல்லருந்து டீச்சர் யாராவது வந்திருக்காங்களா?"

மிஸ் எழுந்தார். எழுந்து, என்னையும் பார்க்காமல் அப்பாவையும் பார்க்காமல், "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். நார்மல்தான். கொஞ்சம் பயந்துட்டா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அப்பா அவருடைய முதுகையே பார்த்தார். "இன்னா மிஸ் இப்டி சொல்ற? உனுக்குத் தெரியாதா? நீதான சொல்லாதன்னு சொன்ன?"

மிஸ் திரும்பவில்லை. மேடம் என் பக்கம் குனிந்தார். "நீயே சொல்லும்மா. உனக்கு திக்குமா?"

மைக்கை என்னிடம் நீட்டினார்கள். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன். காற்று வரவில்லை. திக்கினாலாவது அப்பா சொன்னது உண்மை என்று தெரிந்திருக்கும். அதுவும் வரவில்லை. மைக்கில் ஒரு சத்தமும் இல்லை. மேடம் காத்திருந்தார், நிறைய நேரம் காத்திருந்தார். தலையாட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை, கழுத்து அப்படியே நின்றுவிட்டது. பின் வரிசையில் ஒருவர், "பொண்ணு தோத்துட்டா இன்னா கதை வேணா கட்டுவாங்கப்பா" என்றார். சிலர் சிரித்தார்கள். மேடம் மைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் அப்பா எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. மிஸ் வேறு பஸ்ஸில் போய்விட்டார். திருப்புலிவனத்தில் இறங்கி வண்டியை எடுக்கும்போது, "பசிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். வண்டியில் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்மேல் கை படாமல் பார்த்துக்கொண்டேன். மணி அடித்த மேடத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. மிஸ்மேல்கூட அன்று கோபம் வரவில்லை. அப்பாமேல்தான் வந்தது. யாருக்கும் தெரியாத இடத்தில் எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்லிவிட்டாரே என்று.

அம்மாவும் அதையே சொன்னாள், வேறு காரணத்துக்காக. "ஊரு முச்சூடும் நின்னு கத்திட்டு வந்துகீற. நாளைக்கு இவள யாரு கட்டுவான்? இத்தினி நாளு நான் மூடி மூடி வெச்சது இன்னாத்துக்கு?" அப்பா கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிடாமல் எழுந்தார்.

ஹாலில் யாரோ போனில் படம் எடுத்திருக்கிறார்கள். அப்பா கத்துவதும், நான் மைக்கின் முன் வாயைத் திறந்துகொண்டு நிற்பதும். அது சுற்றிச் சுற்றி எங்கள் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிட்டது. அதன் கீழே கண்ணீர் வர சிரிக்கும் மஞ்சள் முகங்கள். திங்கட்கிழமை வேனில் ஏறினேன். ஒருவன் "சீ" என்றான். இன்னொருவன் "சீ" என்றான். வேனே சேர்ந்து "சீச்சீ" என்றது. அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. சத்துணவு இல்லாத பள்ளி அது, எல்லோரும் டப்பா கொண்டுவருவோம். நான் டப்பாவைத் திறந்தால்கூட "சீச்சீ" என்று மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். டிரைவர் அண்ணன் மட்டும் ஒருநாள் வண்டியை நிறுத்தி அதட்டினார். மறுநாளிலிருந்து மெதுவாகச் சொன்னார்கள்.

தாளாளர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் வராந்தாவில் நின்றிருந்தேன். பள்ளியின் பெயர் கெட்டுவிட்டது என்று தாளாளர் சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது. நல்ல வார்த்தை எதுவும் கேட்கவில்லை. அப்பா வெளியே வரும்போது முகம் கறுத்திருந்தது. அந்த வருஷத்தோடு டி.சி. வாங்கிவிட்டோம். மிஸ்ஸும் அந்த வருஷமே நின்றுவிட்டார், நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். பிளெக்ஸ் மட்டும் மழைக்காலம் வரை பஸ் ஸ்டாண்டில் இருந்தது. காற்றில் ஒரு பக்கம் அறுந்து தொங்கிய பிறகு எங்கள் ஊர்க்காரர் யாரோ கழற்றி எடுத்துப்போய் வைக்கோல் போருக்கு மூடியிருந்தார்கள். கூடையோடு அந்த வழியாகப் போன அம்மா பார்த்துவிட்டு, அவர்களிடம் கெஞ்சி, படத்தை உள்பக்கமாகத் திருப்பிப் போட வைத்தாள்.

அரசுப் பெண்கள் பள்ளியில் எட்டாவது சேர்ந்தேன். அங்கே யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. கேலி செய்ய நான் எதுவும் பேசவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் வாயைத் திறக்கவே இல்லை. வருகைப் பதிவுக்குக் கையைத் தூக்குவேன். புதிதாக வந்த ஒரு டீச்சர் என்னை ஊமை என்று நினைத்து, என்னிடம் கையாலேயே பேசிக்கொண்டிருந்தார். வீட்டிலும் தலையாட்டல்தான். அம்மா கோயில் கோயிலாகக் கூட்டிப்போனாள். அப்பா என்னை எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடம் என்றால் அந்தப் பக்கமே வரமாட்டார். கையெழுத்தெல்லாம் அம்மா போடுவாள். டிராக்டரில் போகும்போது அவர் எதுவும் சொல்லிக்கொண்டு போவதில்லை என்று ஊரில் இப்போது அதையும் கேலி பேசினார்கள்.

பத்தாவது படிக்கும்போது எங்கள் வகுப்பு டீச்சர் அம்மாவை அழைத்து, பொதுத்தேர்வுக்கு முன் என்னைச் செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் காட்டச் சொன்னார். பேச்சுக்கென்றே ஒரு பிரிவு அங்கே இருக்கிறதாம். அப்பாதான் கூட்டிப்போனார். அங்கிருந்த பேச்சு டாக்டரம்மா நடுத்தர வயதுக்காரர். என்னிடம் நிறையக் கேட்டார். நான் வாயைத் திறக்காததைப் பார்த்து, கோபப்படாமல் ஒரு பேப்பரையும் பேனாவையும் தள்ளினார். எப்போதிலிருந்து பேசவில்லை, ஏன் என்று எழுதச் சொன்னார். நான் எழுதினேன். மாவட்டப் போட்டி, பின்னால் கட்டிய கை, சீ, மணி, அப்பா எழுந்தது எல்லாவற்றையும்.

அவர் முழுதும் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "நீங்க சொன்னது சரிதாங்க. திக்கறவங்களுக்கு ரெண்டு தடவ வந்தா அது ரெண்டு எழுத்து இல்ல. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேரம் குடுத்திருப்பாங்க. கையத் தட்டறதுக்கும் விட்டிருப்பாங்க. இதுக்கெல்லாம் வழி இருக்கு. கேட்டா கெடைக்கும்."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குச் சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்து டாக்டரம்மா அனுப்பியபோது அப்பாவைக் காணவில்லை. தேடிப்போனேன். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றிருந்தார். முகமெல்லாம் ஈரம். துண்டால் துடைக்காமல் அப்படியே நின்றிருந்தார்.

"யாருக்குமா தெரியும் இதெல்லாம்?" என்றார். "சொல்லாதன்னு சொன்னாங்க, சொல்லல. படிச்சவங்க சொன்னா சரியாத்தான இருக்கும்?"

"நை... நை... நைனா" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கு இப்போது நினைவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய வார்த்தை அது. அவர் என் தலையில் கையை வைத்தார். ஈரக் கை. பஸ் வந்துவிட்டதால் ஓடிப்போய் ஏறினோம்.

செங்கல்பட்டுக்கு மூன்று தடவைதான் போக முடிந்தது. அதற்குள் நடவு வந்துவிட்டது. ஒரு நாள் போய்வந்தால் ஒரு நாள் வேலை கெடும். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு பேசுவது எப்படி என்று மட்டும் கற்றுக்கொண்டேன். திக்கல் போகவில்லை. பேசாமல் இருப்பது போனது, அவ்வளவுதான்.

காலேஜ் முடித்து இப்போது சென்னையில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கும் வேலை. இன்டர்வியூவில் போனில் பேசும் பிரிவா, பேசாத பிரிவா என்று கேட்டார்கள். பேசாத பிரிவு என்று எழுதிக் காட்டினேன். நோய்களின் நீளமான பெயர்களில் யார் எழுத்துப் பிழை விட்டாலும் என் கண்ணில் பட்டுவிடும். சனிக்கிழமை ஊருக்கு வந்து திங்கட்கிழமை காலையில் போகிறேன். வழியில் ஒரு தடவை வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் மிஸ்ஸைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. அவர்தான் முதலில் அடையாளம் கண்டார். "இப்ப சரியாயிடுச்சா?" என்று கேட்டார், ஜுரத்தைக் கேட்பது மாதிரி. நான் வாயைத் திறந்தேன். பதில் வருவதற்குள் அவருடைய பஸ் கிளம்பியது, ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

எங்கள் பழைய பள்ளி இப்போதும் வருஷா வருஷம் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறது. பஸ் ஸ்டாண்டில் புதுப் பிளெக்ஸ் இருக்கும். இறங்கும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பேன். இதில் யாருக்கு வாய் திக்கும், யார் அடி வாங்குவார்கள் என்று போட்டோவில் தெரியாது.

இரண்டு வருஷமாக எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அம்மா இன்னமும் என்னை அதிகம் பேசவேண்டாம் என்றுதான் சொல்கிறாள். ஆனால் வருகிறவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிக்கும் முன்பே அப்பா சொல்லிவிடுகிறார். "ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேங்க. பொண்ணுக்கு வாய் திக்கும். மத்தபடி ஒரு கொறையும் கெடயாது." உள்ளே அம்மா பல்லைக் கடிப்பாள். அறைக்குள் புடவையோடு உட்கார்ந்திருக்கும் நான் ஒவ்வொரு தடவையும் கதவுப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்வேன். அவர் செய்வது எனக்கு நல்லதா கெட்டதா என்று இன்னும் தெரியவில்லை. ஒரு வீட்டு அம்மா, "பொறக்கறதுக்கும் இது வருமா?" என்று நேராகவே கேட்டுவிட்டுப் போனாள்.

போன மாதம் மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா வழக்கம்போல முதலிலேயே சொன்னார். மாப்பிள்ளை, "பரவால்லீங்க, பேசட்டும்" என்றார். என்ன வேலை செய்கிறேன் என்று என்னிடமே கேட்டார். மூச்சை விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். "கம்பெனி" என்ற இடத்தில் நின்றுவிட்டது. அவருடைய அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்தாள். எனக்கு எடுத்துக் கொடுப்பதற்காக என் அம்மா வாயைத் திறந்தாள். அப்பா கையை நீட்டி அவளைத் தடுத்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். நான் சொல்லி முடித்தேன்.

காபி குடித்தார்கள். கலந்து பேசித் தகவல் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அப்பா சாலை வரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தார். இதுவரை தகவல் எதுவும் வரவில்லை. வராது என்கிறாள் அம்மா. அவர்கள் வந்துபோன மறுநாள் விடிந்ததும் அப்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடப் போனார், நான் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.